கிழக்கு ஜெர்மனியின் எம்56 ஹெல்மெட்: சோவியத் நகலா, ஹிட்லர் காலத்து மிச்சமா?

எஃகுமுடி

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க எம்1 ஹெல்மெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இழையில், போகிற போக்கில் ஒருவர் "கிழக்கு ஜெர்மனி ஹெல்மெட் சோவியத்காரன் ஹெல்மெட்டோட காப்பிதானே" என்று எழுதிவிட்டுப் போனார். அது எனக்கு மனசிலேயே நின்றுவிட்டது, அதனால்தான் தனி இழை. எம்56 பற்றி நான் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த ஹெல்மெட் அது.

படம் பார்க்காதவர்களுக்கு: ஒரு சின்னக் குன்று மாதிரி இருக்கும். உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒரே சரிவு, எங்கேயும் மடிப்போ படியோ கிடையாது. முன்னால் கண்ணுக்கு மேலே கொஞ்சம் நீளும், காதோரம் லேசாக விரியும், அவ்வளவுதான். இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் ஹெல்மெட்டில் காதுக்கு மேலே ஒரு வளைவு விழுந்து கழுத்துப் பக்கம் பாவாடை மாதிரி இறங்குமே, அது இதில் இல்லை. அதனால்தான் பார்த்தவுடன் "ஜெர்மன்" என்று தோன்றாது.

ஆனால் இது ஜெர்மன் வடிவம்தான், அதுவும் போர்க்காலத்தில் பிறந்தது. 1942 வாக்கில் பெர்லினில் இருந்த ராணுவ உலோகவியல் ஆய்வு நிலையம் பழைய ஹெல்மெட்டுக்கு மாற்றாகச் சில மாதிரிகளைச் செய்து பார்த்தது. ஏ, பி, பி/2, சி என்று பெயர். அதில் பி/2 என்ற மாதிரியைப் பார்த்தால் எம்56-ஐ அப்படியே எடுத்து வைத்த மாதிரி இருக்கும். போர் முடியும் வரை அது படைக்குப் போகவில்லை. பதினோரு வருடம் கழித்து, 1956-ல், கிழக்கு ஜெர்மனி ராணுவத்தின் தலையில் அது ஏறியது.

என் கேள்வி இதுதான்: நாஜிகளோடு எந்த ஒட்டும் இல்லை என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அரசு, நாஜி காலத்து ஆய்வகத்தில் பிறந்த வடிவத்தை ஏன் எடுத்தது? நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், ஆனால் முதலில் மற்றவர்கள் சொல்லட்டும்.

சந்தைமேடு

அந்த வரியை எழுதியது நான்தான் அண்ணா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் சொன்னேன். சோவியத் தலைமையில் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் 1955 மே மாதம் கையெழுத்தானது. துப்பாக்கி சோவியத், டேங்க் சோவியத், விமானம் சோவியத். ஹெல்மெட் மட்டும் எப்படித் தனியாக இருக்கும்? ஹங்கேரிக்காரன் ஹெல்மெட், செக் நாட்டு 53 மாடல், இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் சோவியத் ஹெல்மெட்தான். எம்56-ம் அந்த வரிசைதான் என்று நினைத்தேன். பி/2 பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

இன்னொன்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஹிட்லர் ஒரு புது ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு "வேண்டாம், பழையதுதான் ஜெர்மன் வீரனின் அடையாளம்" என்று தள்ளிவிட்டதாக ஒரு கதை. அது இந்த ஹெல்மெட்டா?

எஃகுமுடி

> அது இந்த ஹெல்மெட்டா?

ஆமாம், அந்தக் கதை பி/2-வைப் பற்றித்தான். சேகரிப்பாளர்கள் நடுவே ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. ஆனால் அந்த ஒரு மனிதனின் விருப்பு வெறுப்பை வைத்து எல்லாவற்றையும் விளக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1944-ல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது எந்தத் தொழிற்சாலை டையை, அதாவது தகட்டுக்கு வடிவம் தரும் அச்சை, மாற்றும்?

வார்சா ஒப்பந்த நாடுகளைப் பற்றிச் சொன்னது பாதி சரி. ஆயுதம் பொதுவாக இருந்தாலும் ஹெல்மெட், சட்டை, தொப்பி எல்லாம் நாட்டுக்கு நாடு வேறுதான். போலந்து வைத்திருந்தது அவர்களுடைய 50 மாடல்.

அம்பத்தூர்_டைமேக்கர்

டை என்ற வார்த்தையைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். ராணுவ வரலாறு எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடம் பிரஸ் ஷாப்பில் இருந்தவன், பெரும்பாலும் எவர்சில்வர் பாத்திரம், குக்கர் பாடி. ஹெல்மெட்டும் பானையும் எங்களுக்கு ஒரே வேலைதான், தகட்டை வட்டமாக வெட்டி, பஞ்ச் என்ற அழுத்தும் கட்டையை டைக்குள் இறக்கி, குழியாக இழுப்பது.

நீங்கள் சொன்ன இரண்டு ஹெல்மெட்டின் படத்தையும் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

தட்டையான தகட்டைக் கிண்ணமாக இழுக்கும்போது உலோகம் ஓடி வர வேண்டும். எங்கே வளைவு பெரிதாக, மெதுவாக இருக்கிறதோ அங்கே நன்றாக ஓடும். எங்கே திடீரென்று திருப்பம் வருகிறதோ அங்கே தகடு நின்றுவிடும், மேலே இருக்கும் உலோகம் மட்டும் இழுபட்டு மெலியும். அதிகம் மெலிந்தால் கிழியும். விளிம்பை இறுக்கிப் பிடிக்காவிட்டால் சுருக்கம் விழும், அதிகமாகப் பிடித்தால் மறுபடியும் கிழியும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் டை போடுகிறவனின் பிழைப்பு.

இப்போது பழைய ஜெர்மன் ஹெல்மெட்டைப் பாருங்கள். மேலே உருண்டை, பக்கவாட்டில் கிட்டத்தட்ட செங்குத்து, அப்புறம் காதுக்கு மேலே வெளியே திரும்பும் ஒரு வளைவு, முன்னால் நெற்றியில் ஒரு முனை. ஒரே தகட்டில் இத்தனை திருப்பம். ஒரே அடியில் இதை இழுக்கவே முடியாது, பல கட்டமாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டை, ஒரு பிரஸ், ஓர் ஆள், கொஞ்சம் கழிவு. திரும்பும் மூலைகளில் தகடு மெலிந்துதான் இருக்கும். தலையைக் காக்க வேண்டிய பொருளில் எந்த இடம் மெலிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

எம்56-ல் அந்தத் தொல்லையே இல்லை. மேலிருந்து கீழே ஒரே சரிவு. என் கையில் கொடுத்திருந்தால் சந்தோஷமாக டை போட்டிருப்பேன். போர்க்காலத்தில் இதை வரைந்தவர்கள் உலோகத்தின் ஓட்டம் தெரிந்தவர்கள், அது மட்டும் நிச்சயம்.

ஒரு கேள்வி. பழைய மாடல்களிலேயே செலவைக் குறைக்க ஏதாவது செய்திருப்பார்களே?

எஃகுமுடி

ஐயா, இந்தப் பதிவுக்காகவே இழை ஆரம்பித்தது வீண் போகவில்லை. ஆமாம், செய்தார்கள். 1935 மாடலில் விளிம்பை உள்பக்கம் மடக்கி உருட்டியிருப்பார்கள், காற்றுத் துளைக்குத் தனியாக ஒரு வளையம் வைப்பார்கள். 1940-ல் அந்தத் துளையைத் தகட்டிலேயே அடித்துவிட்டார்கள். 1942-ல் விளிம்பு மடக்குவதையும் விட்டுவிட்டார்கள், அதனால் அந்த மாடலின் ஓரம் கத்தி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வேலை குறைந்தது. பி/2 இந்தப் பாதையின் அடுத்த படி என்றுதான் நான் பார்க்கிறேன்.

குண்டு படும் கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்குத்தான பக்கத்தில் நேராக வந்து இடிக்கும் சில்லு, சரிவான பக்கத்தில் வழுக்கிப் போக வாய்ப்பு அதிகம். டேங்கின் முன்பக்கத் தகட்டைச் சாய்த்து வைக்கிறார்களே, அதே யோசனைதான். ஆனால் ஒன்றை எல்லோரும் நினைவில் வையுங்கள், அந்தக் காலத்து எஃகு ஹெல்மெட் எதுவும் பக்கத்திலிருந்து நேராகச் சுடும் ரைபிள் குண்டைத் தடுக்கச் செய்ததில்லை. வானத்தில் வெடித்துச் சிதறும் பீரங்கிக் குண்டின் சில்லுகளுக்காகத்தான் 1915, 16-ல் இவை எல்லாம் வந்தன.

ஹார்ஸ்_மலையடி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஜெர்மனியில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். தாலே என்ற ஊர் பற்றி ஒருவரும் சொல்லாததால் எழுதுகிறேன், நான் இருக்கிற இடத்திலிருந்து அது அதிக தூரமில்லை.

தாலே ஹார்ஸ் மலை அடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். போடெ என்ற ஆறு பாறைகளுக்கு நடுவால் வந்து அந்த ஊருக்குள் இறங்கும். அங்கே இருந்த இரும்பு ஆலை எனாமல் சட்டி பானைக்குப் பேர் போனது. 1916-ல், முதல் உலகப்போரில், ஜெர்மன்காரர் முதன்முதலாக எஃகு ஹெல்மெட் செய்தபோது அதை அடித்துக் கொடுத்தது இந்த ஆலைதான். ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் ஷ்வெர்ட் வடிவமைத்த ஹெல்மெட் அது. பிரான்சில் நடந்த வெர்டன் சண்டைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனார்கள். ஏன் பானை ஆலையிடம் போனார்கள் என்பதற்கு டைமேக்கர் அண்ணா சொன்னதே பதில். தகட்டை ஆழமாக இழுக்கிற பிரஸும் அதைத் தெரிந்த ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள்.

இரண்டாம் போரிலும் அங்கே ஹெல்மெட் அடித்தார்கள். போர் முடிந்ததும் தாலே சோவியத் பகுதிக்குள் வந்தது, பிறகு கிழக்கு ஜெர்மனி. ஆலை அரசுடைமை ஆனது. 1956-க்குப் பிறகு எம்56-ஐ அடித்ததும் அதே ஆலைதான். ஆட்சி நான்கு மாறியது, கைசர் மன்னர் போனார், வைமார் குடியரசு போனது, ஹிட்லர் போனான், சோவியத்காரன் வந்தான், ஹெல்மெட் மட்டும் அதே ஊரிலிருந்து வந்தது.

இன்னொன்று. 1945-க்குப் பிறகு ஜெர்மனியில் சமைக்கச் சட்டி இல்லை. அப்போது மிச்சமாகக் கிடந்த ராணுவ ஹெல்மெட்டுகளை வடிதட்டாக, பானையாக, நீளக் கம்பு வைத்துச் சாணித்தண்ணி இறைக்கிற அகப்பையாக மாற்றி விற்றார்கள். ஒரு அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு வடிதட்டைப் பார்த்தேன். உச்சியில் வரிசை வரிசையாகத் துளை, இரண்டு பக்கமும் கைபிடி, அடியில் நிற்க மூன்று கால். எனாமல் பூசியிருந்தார்கள். ஆனால் காதுப் பக்கத்து வளைவு அப்படியே இருந்தது, அதைப் பார்த்தவுடன் என்னவென்று தெரிந்துவிடும். நான் அதன் முன்னால் கனநேரம் நின்றேன்.

அம்பத்தூர்_டைமேக்கர்

தம்பி, அந்த வடிதட்டை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. பானை அடித்த பிரஸ் ஹெல்மெட் அடித்தது, அப்புறம் ஹெல்மெட்டே பானை ஆனது.

நெய்தல்_மாணவி

எஃகுமுடி அண்ணா கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன், "ஏன் எடுத்தார்கள்?" நான் முதுகலையில் பனிப்போர்க் கால ஐரோப்பாவைத்தான் எடுத்துப் படித்தேன்.

கிழக்கு ஜெர்மனியில் ராணுவம் என்று பெயர் வைக்காமல் ஒரு ராணுவம் 1952-லிருந்தே இருந்தது. பாசறையில் தங்கும் மக்கள் காவல்படை என்று பெயர். அவர்களுடைய சீருடை சோவியத் சாயல், காக்கி. மக்களுக்கு அது பிடிக்கவில்லை. சொந்த ஊர்ப் பையனே அந்த உடுப்பில் வந்து நின்றால் "ரஷ்யன் வந்துட்டான்" என்றுதானே தோன்றும்?

1955 நவம்பரில் மேற்கு ஜெர்மனி பகிரங்கமாகத் தன் ராணுவத்தை ஆரம்பித்தது. 1956 ஜனவரி 18-ல் கிழக்கு ஜெர்மனி நாடாளுமன்றம் தேசிய மக்கள் ராணுவத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. பிறகு முதல் பாதுகாப்பு அமைச்சரான வில்லி ஷ்டோஃப் அந்தச் சபையில் சீருடையைப் பற்றியே பேசினார். ஜெர்மன் சீருடைக்கு நாட்டுப்பற்று மரபு ஒன்று உண்டு, அதைக் கெடுத்தவர்கள் ஏகாதிபத்தியவாதிகள், நாம் அதை மீட்கிறோம் என்பது வாதம். அதனால்தான் புது ராணுவத்துக்குக் கல் சாம்பல் நிறத்தில், பழைய ஜெர்மன் வெட்டில் சீருடை வந்தது. 1956 மார்ச் 1 அதிகாரபூர்வத் தொடக்கம், மே 1 அணிவகுப்பில் மக்கள் முதன்முதலாக அவர்களைப் பார்த்தார்கள்.

சட்டையில் பழைய ஜெர்மன் சாயல் வரலாம், தோள்பட்டையில் வரலாம், ஆனால் தலையில் வர முடியாது. அந்தப் பழைய ஹெல்மெட் போட்ட சிப்பாயை வார்சாவிலும் பிராகிலும் மின்ஸ்கிலும் பார்த்தவர்களில் பலர் அப்போது நாற்பது வயதுகூட ஆகாதவர்கள். கூட்டாளி நாடுகளில் பல அந்த ஹெல்மெட்டிடம் அடிபட்ட நாடுகள். ஜெர்மனாக இருக்க வேண்டும், ஆனால் அந்த ஜெர்மனாக இருக்கக் கூடாது. அதற்குச் சரியாகப் பொருந்தியது பி/2 வடிவம், ஏனென்றால் அது ஜெர்மனியில் வரைந்தது, ஆனால் யாரையும் சுட்ட சிப்பாயின் தலையில் ஏறாதது.

சந்தைமேடு

இது நல்ல வாதம். "நகல்" என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் இதே கேள்வி மேற்கு ஜெர்மனிக்கும் இருந்திருக்குமே?

எஃகுமுடி

இருந்தது, அதற்கு அவர்கள் சொன்ன பதில் நேர் எதிர். மேற்கு ஜெர்மன் ராணுவம் அமெரிக்க எம்1 வடிவத்தை எடுத்துக்கொண்டது. முதலில் எஃகு ஓடும் உள்ளே தனி ஓடுமாக இரண்டு அடுக்கு, பிறகு ஒரே ஓடாக மாற்றினார்கள். ஆனால் அங்கேயே எல்லைக் காவல் படை பழைய ஜெர்மன் வடிவ ஹெல்மெட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தது, 1950-களிலும் அதற்குப் பிறகும். இந்த மாதிரி விஷயங்களால்தான் எனக்கு ஹெல்மெட் வரலாறு பிடிக்கிறது, ஒரே நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரின் தலையில் இரண்டு முடிவுகள்.

அப்புறம் 1980-களில் அமெரிக்கா கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையில் செய்த ஹெல்மெட்டுக்கு மாறியது. காதை மூடி, பின்கழுத்து வரை இறங்கும் வடிவம். 1983-ல் கிரெனடாவில் முதன்முதலாகச் சண்டைக்குப் போனது. அதைப் பார்த்த அவர்களுடைய சிப்பாய்களே அதற்கு, ஜெர்மன்காரனைக் கேலியாகக் கூப்பிடும் "ஃபிரிட்ஸ்" என்ற பேரை வைத்தார்கள், பழைய ஜெர்மன் ஹெல்மெட் மாதிரி இருக்கிறது என்று. காதையும் கழுத்தையும் மூட வேண்டும் என்று மருத்துவக் கணக்குப் போட்டால் கடைசியில் அந்த வடிவத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும்போது எம்56-ன் குறையையும் சொல்லிவிட வேண்டும், காதுப் பக்கம் அது குறைவாகத்தான் மூடும். சரிவு தந்த லாபத்துக்கு அது கொடுத்த விலை.

நெய்தல்_மாணவி

இந்த ஹெல்மெட்டை உலகம் முழுக்கப் பார்த்த படம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. 1961 ஆகஸ்ட் 15, பெர்லின், பெர்னவர் தெரு. கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த சுவர் வேலை ஆரம்பித்து மூன்றாவது நாள், அந்த இடத்தில் இன்னும் முள்கம்பிச் சுருள்தான். காவலுக்கு நின்ற 19 வயது கொன்ராட் ஷூமன் கம்பியைத் தாண்டி மேற்குப் பக்கம் குதிக்கிறார். பீட்டர் லைபிங் எடுத்த படம். அடுத்த முறை அதைப் பார்க்கும்போது தலையைப் பாருங்கள், எம்56. ஒரு கால் கம்பிக்கு மேலே, கை தோளில் தொங்கும் துப்பாக்கியைக் கழற்றிக்கொண்டிருக்கிறது, ஹெல்மெட் நெற்றியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, முகத்தில் பாதி அதன் நிழலில் இருக்கிறது.

நான் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த ஹெல்மெட் வேறு மாதிரி இருந்திருந்தால், அதாவது அந்தப் பழைய வடிவமாக இருந்திருந்தால், அந்தப் பையனைப் பார்த்து உலகம் அதே மாதிரி இரங்கியிருக்குமா என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன்.

எஃகுமுடி

நானும் அதை யோசித்ததில்லை. இரண்டு நாளாகப் பதில் எழுத நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். நன்றி, தங்கச்சி.

என் முடிவைச் சொல்கிறேன் என்று சொன்னேன். வடிவம் வந்தது போர்க்கால ஆய்வகத்திலிருந்துதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வகத்து மனிதர்கள் தீர்க்க முயன்றது எஃகின் கணக்கு. 1956-ல் அதை எடுத்தவர்கள் தீர்க்க முயன்றது முகத்தின் கணக்கு. இரண்டுக்கும் ஒரே விடை வந்தது. "நாஜி ஹெல்மெட்" என்று சொல்வதும் தப்பு, "முழுக்கப் புதுசு" என்று சொல்வதும் தப்பு.

ஒற்றையடிப்பாதை

புதியவன். ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. போலி நிறைய வருமா? எதைப் பார்த்து வாங்குவது?

ஹார்ஸ்_மலையடி

தம்பி, போலியை விட, தெரியாமல் விற்கிறவர்கள்தான் அதிகம். 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனியும் சேர்ந்தபோது அந்த ராணுவமே கலைந்து போனது, ஹெல்மெட்டுகள் சந்தைக்கு வந்தன. பெர்லினில் சுற்றுலாக்காரர் போகிற இடங்களில் ரோமத் தொப்பியோடு சேர்த்து இதையும் அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்கு முதலில் ஒன்றை "இரண்டாம் உலகப்போர் ஹெல்மெட்" என்று சொல்லி விற்றார்கள், எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, அந்த விலையைக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து உள்ளே பார்த்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கூடு. அந்தப் பிளாஸ்டிக் கூடு 1970-களில் வந்தது. ஆரம்ப கால எம்56-ன் உள்ளே தோல்தான், பழைய ஜெர்மன் முறையில் விரல் விரலாக வெட்டியது. ஆக முதலில் திருப்பி உள்ளே பார்.

இரண்டாவது, கையில் தூக்கிப் பார். அணிவகுப்புக்கு என்று பிளாஸ்டிக்கில் செய்த ஹெல்மெட்டும் உண்டு, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், தூக்கினால் எடையே இராது. அதுவும் அசல்தான், ஆனால் எஃகு என்று சொல்லி விற்றால் வாங்காதே. விரல் நகத்தால் தட்டிப் பார், எஃகு என்றால் சத்தமே சொல்லும்.

அம்பத்தூர்_டைமேக்கர்

தட்டும்போது விளிம்பில் தட்டாதே, உச்சியில் தட்டு. உள்ளே கூடு இருந்தால் சத்தம் அடங்கும், கழற்ற விட்டால் கழற்றிவிட்டுத் தட்டு. விளிம்பிலிருந்து மேலே போகும் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார். இழுத்த வேலையில் பின்னால் வரும் விரிசல் விளிம்பில் ஆரம்பிக்கலாம்.

ஹார்ஸ் தம்பி, உங்களிடம் இருப்பதன் உள்பக்கத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா? இழுத்த கோடு தெரிகிறதா என்று எனக்கு ஆசை.

ஹார்ஸ்_மலையடி

நேற்று இரவு கூட்டைக் கழற்றிப் பார்த்தேன் அண்ணா. நீங்கள் சொன்னதால்தான் முதன்முறையாகக் கழற்றினேன், இத்தனை வருடம் அலுமாரியில் அப்படியே இருந்தது. உள்ளே பச்சைச் சாம்பல் பூச்சு வெளியை விட நன்றாக இருக்கிறது. விளிம்பிலிருந்து ஒரு விரல் உயரத்தில், முன்பக்கம் இரண்டு இடத்தில், மேல்நோக்கிப் போகும் மெல்லிய கோடுகள் தெரிகின்றன, நகத்தை வைத்தால் தட்டுப்படாது, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரியும்.

அப்புறம் பின்பக்கப் பட்டியில் நீல மையில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. 1962-க்குப் பிறகு அங்கே கட்டாயச் சேவை, பதினெட்டு மாதம். அப்படி வந்த ஒரு பெடியனாக இருக்கலாம். பெயரை இங்கே எழுதவில்லை. கூட்டைத் திரும்பப் பூட்டும்போது அந்தப் பட்டி உள்ளே மறையாமல் பார்த்துப் பூட்டினேன்.

அம்பத்தூர்_டைமேக்கர்

அந்தக் கோடுகள், தகட்டின் விளிம்பைப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டர் என்ற வளையம் அழுத்திப் பிடித்த இடத்திலிருந்து தகடு வழுக்கி உள்ளே வந்ததின் தடம், தம்பி. நல்லா இழுத்திருக்கிறான்.